ஏழாம் கட்டிலின் பத்து மணி

நவம்பர் 3, ஞாயிறு

இரவு டூட்டிக்குப் போன பியூலா காலையில் வரவில்லை. மத்தியானம் வந்தாள். யூனிஃபார்மைக் கழற்றாமல், குளியலறை வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஊறவைத்த துணி அதில்தான் இருந்தது. தரையெல்லாம் சோப்புத் தண்ணீர்.

"சஸ்பெண்டு பண்ணிட்டாவ, மெய்யு."

இரண்டு வருடமாக மதுரையின் இந்த விடுதியில் ஓர் அறையில் இருக்கிறோம். அவள் மார்த்தாண்டத்துக்காரி, தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். நான் காரைக்குடி, அதே மருத்துவமனைக்கு மருந்துப் பதிவு மென்பொருள் செய்து கொடுத்த சிறிய கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நர்ஸ் மருந்தைக் கொடுத்ததும் டேப்லெட் கணினியில் நோயாளி பெயருக்கு நேரே "கொடுத்தாச்சு" என்பதை அழுத்த வேண்டும். பியூலா அதை "உன் டப்பா" என்பாள்.

நேற்று இரவு அவளுடைய வார்டில் ஏழாம் கட்டில், லாரி ஓட்டுநர் சங்கிலிமுத்து, தலையில் ஆபரேஷன் ஆனவர். வலிப்பு வராமலிருக்க இரவு பத்து மணிக்கு ஓர் ஊசி. ஒரு மணிக்கு அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. இப்போது வெண்டிலேட்டரில் இருக்கிறார். திரையில் பத்து மணி ஊசி போட்ட நேரம் என்று விடியற்காலை மூன்றரை காட்டுகிறதாம். பத்து மணிக்கு மறந்துவிட்டாள், வலிப்பு வந்த பிறகு பயந்துபோய், கமுக்கமாக அழுத்திவைத்தாள் என்று மேட்ரன் சொல்கிறார்.

"நான் போட்டேன் பிள்ளே. சத்தியமாட்டு போட்டேன். வலது கை வீங்கி இருந்துது, இடது கையில மாத்திக் குத்தி, மெதுவாட்டு ஏத்தினேன். உன் டப்பா பொய் சொல்லுது."

"அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது பியூலா" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

பன்னிரண்டாம் தேதி விசாரணை. வேலை போவதோடு முடியாது, நர்ஸ் பதிவையே ரத்து செய்ய எழுதுவார்களாம். போலீஸுக்கும் போகலாம்.

நவம்பர் 4, திங்கள்

மழை. அலுவலகத்தில் எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

நேரத்தைச் சேமிப்பது என்றால் ஏதோ கடிகாரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதுபோல் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நாங்கள் சேமிப்பது ஓர் எண்ணை. அது எந்த ஊர் நேரம் என்பதையும் கூடவே சேர்த்து வைக்க வேண்டும். அதற்கு வசதி உண்டு. எங்கள் டேபிளில், அதாவது பதிவுகள் போய் விழும் அட்டவணையில், அந்த வசதியை யாரும் பயன்படுத்தவில்லை.

எங்கள் சர்வர் லண்டன் நேரத்தில் ஓடுகிறது. நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். மென்பொருள் போன புதிதில் எல்லாப் பதிவும் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டியது. மருத்துவமனை சத்தம் போட்டது. மறுநாள் காலைக்குள் சரியாக வேண்டும் என்று முதலாளி அழகர்சாமி சார் நின்றார். எங்களில் மூத்தவரான நௌஷாத் அண்ணன் திரையில் காட்டும் இடத்தில் ஐந்தரையைக் கூட்டி ஒரு வரி எழுதினார். எல்லாம் சரியாகிவிட்டது. அந்த வரிக்கு அலுவலகத்தில் அஞ்சறைப்பெட்டி என்று பெயர். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைக் காட்டிச் சிரிப்போம்.

இன்று அதை முழுதாகப் படித்தேன்.

நெட் இருக்கும்போது நேரத்தைப் போடுவது சர்வர், லண்டன் நேரத்தில். நெட் இல்லாவிட்டால் டேப்லெட் தன் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துவைத்துக்கொள்கிறது, மதுரை நேரத்தில். நெட் வந்ததும் அனுப்புகிறது. இரண்டும் டேபிளின் ஒரே நெடுக்குப் பத்தியில், ஒரே மாதிரி போய் விழுகின்றன. எது எந்த ஊர் என்று அடையாளம் இல்லை. அஞ்சறைப்பெட்டி இரண்டுக்கும் ஐந்தரையைக் கூட்டுகிறது.

இரவு பத்து மணியோடு ஐந்தரையைக் கூட்டினால் விடியற்காலை மூன்றரை.

கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

துணி காயவில்லை. உப்புமா. பியூலா சாப்பிடவில்லை.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சரிபார்த்த பிறகு சொல்வதுதான் நியாயம்.

நவம்பர் 6, புதன்

இன்றும் சரிபார்த்தேன். வேறு வார்டுகளில், வேறு மழை நாட்களில், இதே மாதிரி பதிவுகள் இருக்கின்றன. இன்னும் ஒருமுறை பார்க்கலாம்.

சாயங்காலம் அறைக்கு வந்தபோது பியூலா என் நாவலை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், நூலகத்திலிருந்து நான் எடுத்த தடித்த ரஷ்ய மொழிபெயர்ப்பு.

"இதுல எல்லாவனும் எதுக்கு இப்பிடி அழுதுட்டே இருக்கானுவ?"

"பனி அதிகம்."

ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள். அந்தச் சமயத்தில் சொல்லியிருக்கலாம். அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

நவம்பர் 7, வியாழன்

நௌஷாத் அண்ணனிடம் காட்டினேன். டீக்கடையில், மடிக்கணினியைப் பெஞ்சில் வைத்து. அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"யா அல்லா. எத்தனை நாளா இப்படி?"

"முதல்லேர்ந்து அண்ணே."

"நான் அன்னைக்கே சொன்னேம்மா, இது தற்காலிகம், அடுத்த வாரம் ஒழுங்காப் பண்றேன்னு. அடுத்த வாரம் வரவே இல்ல." பிறகு மெதுவாக, "இதச் சொன்னா முதல்ல என் பேருதான் வரும். ஊட்டுல ரெண்டாவது புள்ள பொறந்து நாப்பது நாள்கூட ஆகல" என்றார்.

பில்லை அவரே கொடுத்தார். திரும்பி நடக்கும்போது, "சார்ட்ட நீயே சொல்லு. நான் மறுக்க மாட்டேன். ஆனா எந்திரிச்சு நின்னு பேசவும் என்னால ஆகாது" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. மூன்று நாள் நான் செய்ததும் அதுதானே.

நவம்பர் 8, வெள்ளி

அழகர்சாமி சார் அறையில் ஊதுவத்தி வாசனை. முழுவதையும் கேட்டார். நடுவில் பேசவே இல்லை. அவருக்கு இது ஓரளவு முன்பே தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

"திங்கட்கிழமை அந்த ஆஸ்பத்திரிக்கு லெட்டர் குடுத்துட்டேன்மா. எங்க சிஸ்டத்துல நேரம் சர்வர்லேர்ந்து வருது, யாராலயும் மாத்த முடியாதுன்னு. அந்த லெட்டர் எழுதறப்ப நௌஷாத்கூட எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"இப்ப மாத்தி ஒரு லெட்டர் குடுக்கலாம் சார்."

"குடுக்கலாம். அப்புறம் எந்த ஆஸ்பத்திரி நம்மள உள்ள விடும்? இங்க பன்னெண்டு பேரு வீட்டுல அடுப்பெரியணும். ஒன்னோடதும் அதுல ஒண்ணு." குரலை உயர்த்தவில்லை. "தப்பைச் சரிபண்ண மாட்டேன்னு சொல்லல. ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் புது டேபிளுக்கு மாத்திடுவோம். ஊர் நேரத்தோட, ஒழுங்கா. இனிமே ஒரு பிள்ளைக்கும் இப்படி நடக்காது."

"பழைய டேபிள்?"

"அது எதுக்கு?"

பியூலா என் அறையில் இருப்பவள் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் என் பேச்சு எடுபடாது என்று நினைத்தேன். அதுதான் காரணம்.

நவம்பர் 9, சனி

காலையில் சங்கிலிமுத்து இறந்துவிட்டார். பியூலாவுக்கு வார்டிலிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அலுவலகத்துக்குக் கிளம்பினேன். சனிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எனக்கு வேண்டியது ஒரு சாட்சி. நெட் அன்றிரவு ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை இல்லை என்று பியூலா சொல்கிறாள். மருத்துவமனையில் அதற்குப் பதிவு இல்லை. பத்தியில் இருக்கும் எண் மதுரையா லண்டனா என்பதை அந்த எண்ணே சொல்லாது. நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முகத்தை இவ்வளவு நேரம் பார்த்தால் அது ஏதாவது சொல்லிவிடும்.

சாயங்காலம் பக்கத்துப் பத்தியைப் பார்த்தேன். வரிசை எண். ஒவ்வொரு பதிவும் சர்வருக்கு வந்து சேரும்போது அதற்கு ஓர் எண் விழும். முன்னால் வந்தது சின்னது, பின்னால் வந்தது பெரியது. அதற்கு மணி தெரியாது, வரிசை தெரியும். பியூலாவின் பத்து மணி ஊசிக்கு ஓர் எண். வலிப்பு வந்தது என்று டூட்டி டாக்டர் ஒரு மணிக்கு எழுதிய குறிப்புக்கு ஓர் எண். பியூலாவின் எண் சின்னது.

மூன்றரை மணிக்கு அழுத்திய பதிவு ஒரு மணிப் பதிவுக்கு முன்னால் வந்து சேர முடியாது.

மேசையில் தலையை வைத்து அழுதேன். நாளை புது டேபிளுக்கு மாற்றும்போது எல்லாவற்றுக்கும் புது எண் விழும், அந்தந்தப் பதிவின் நேரப்படி. இந்த வரிசை இருந்த சுவடே இருக்காது.

கைபேசியில் திரையைப் படம் எடுத்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

மாற்றி முடித்துவிட்டார்கள் என்று அலுவலக வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி வந்தது. நௌஷாத் அண்ணன் கட்டைவிரல் படம்கூடப் போடவில்லை.

நேற்று எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் அந்த வார்டின் மற்ற கட்டில்களும் விழுந்திருக்கின்றன. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. ஏழாம் கட்டில் வரியும் டாக்டர் வரியும் மட்டும் தெரியும்படி படத்தை வெட்டி வைத்தேன். விசாரணைக்கு அது போதும்.

நவம்பர் 11, திங்கள்

பியூலாவிடம் சொன்னேன். தெரிந்து ஏழு நாள் கழித்து.

அவள் கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் வரிசை எண்ணைப் பற்றி இரண்டு தடவை கேட்டாள். பிறகு விடுதியில் தடைசெய்யப்பட்ட கெட்டிலில் நூடுல்ஸ் போட்டாள். வார்டன் நடக்கும் சத்தம் கேட்டதும் கெட்டிலைத் தலையணைக்குள் ஒளித்தாள். தலையணை இன்னும் ஈரம்.

"அம்மா போன் பண்ணிச்சு. பெந்தேகோஸ்தே பாஸ்டரை வெச்சு உபவாச ஜெபமாம். நான் சொன்னேன், ஜெபம் கெடக்கட்டு, மெய்யுக்க படம் வந்தாச்சுன்னு."

"நாளைக்கு என்ன நடந்ததுன்னு அவங்க உன்னைக் கேப்பாங்க. ஒரு தடவை சொல்லிப் பாரு."

"என்னத்த சொல்ல. நெட்டு இல்ல. டேப்லெட் ஒண்ணுதான், ரெண்டு வார்டுக்கும் அதுதான், பக்கத்து வார்டுக்காரி தா தான்னு நிக்கா. நான் ட்ரேயை எடுத்துட்டு ஒவ்வொரு கட்டிலாட்டு போனேன். ஏழுக்கு வலது கையில போட்டேன். அவரு கண்ண முழிச்சுப் பாத்தாரு, கேட்டியா."

"சரி" என்றேன்.

மூன்றாம் தேதி இடது கை என்று சொன்னாள். நாவல் நானூறாம் பக்கத்தில் நிற்கிறது. பிறருடைய துயரம் எனக்குச் சுலபமாகப் படிக்க வரும். இந்த வாரம் வரவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

மருத்துவமனையின் மூன்றாம் மாடி. நீள மேசை. தலைமை மருத்துவர், மேட்ரன், கடிதத்தோடு அழகர்சாமி சார். மேசையின் கடைசியில் சங்கிலிமுத்துவின் மகள் பாண்டிமீனா, இருபது வயதுதான் இருக்கும், மடியில் அப்பாவின் ஸ்கேன் படங்கள். அவளைக் கூப்பிடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பியூலா தன் சார்பில் என்னைக் கூப்பிட்டாள். நான் உள்ளே போனதும் சார் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் பார்த்தார்.

ஓ.பி. சீட்டு நம்பரை வைத்து விளக்கினேன். நாற்பதாம் நம்பர் சீட்டு வாங்கியவர் நாற்பத்தைந்தாம் நம்பர்காரருக்குப் பிறகு வந்திருக்க முடியாது. தலைமை மருத்துவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது உண்மையா மிஸ்டர் அழகர்சாமி?"

அவர் இல்லையென்று சொல்லியிருக்கலாம். பழைய டேபிள் போய்விட்டது. என் கையில் இருப்பது ஒரு படம் மட்டும்.

"உண்மைதான் சார்" என்றார். "இந்தப் பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மேட்ரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பியூலா மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தபோது பாண்டிமீனா எழுந்தாள்.

"எனக்கு ஒண்ணு புரியலக்கா. இப்ப எங்கப்பாவுக்கு ஊசி போட்டாங்களா இல்லையா?"

என்னைத்தான் கேட்டாள்.

"பத்து மணிக்குப் பதிவாகியிருக்கும்மா."

"பதிவு கெடக்கட்டும்க்கா. நீங்க அந்தப் பொட்டிய செஞ்சவங்கதான? போட்டாங்களா?"

"பதிவு அதைத்தான் காட்டுது" என்றேன். டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். மருந்து சரியாகப் போட்டாலும் சிலருக்கு வலிப்பு வரும் என்று விளக்கினார். அது உண்மைதான். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பியூலாவைப் பார்க்கவில்லை.

சஸ்பென்ஷன் ரத்து. வியாழக்கிழமை முதல் டூட்டி.

நவம்பர் 13, புதன்

சார் போன் செய்தார். "நாளையிலேர்ந்து வர வேண்டாம்மா. கோவத்துல சொல்லல. அந்த ஆஸ்பத்திரி போச்சு, இன்னும் ரெண்டு போகும். ஒன்ன வெச்சுக்கிட்டு என்னால அந்த ரூமுக்குள்ள ஒக்காந்திருக்க முடியாது."

சரி சார் என்றேன். மடிக்கணினியைத் துடைத்துப் பையில் வைத்தேன். வேலை போனதற்கு வருத்தப்பட வேண்டும் என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நவம்பர் 14, வியாழன்

பியூலா காலை டூட்டிக்குத் தயாரானாள். யூனிஃபார்மை மெத்தைக்கு அடியில் வைத்து மடிப்பு எடுத்திருந்தாள். கொண்டை போட்டாள். வலையை மாட்டும்போது கண்ணாடியிலிருந்தே கேட்டாள்.

"மெய்யு, அந்தப் படத்துல ரெண்டு வரிதான் இருந்துதா?"

"ஆமா."

"வெட்டினதா?"

நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே மடித்த போர்வை.

"மத்த கட்டிலெல்லாம் எத்தன மணி காட்டுது? சொல்லு பிள்ளே. நேத்து ராத்திரி பூரா அதத்தான் நெனச்சிட்டுக் கெடந்தேன். ட்ரேயோட போனது ஓர்மை இருக்கு. ஆனா அது சனிக்கிழமையா வெள்ளிக்கிழமையான்னு தெரியல. இடது கையில போட்டேன்னு நெனச்சா இடது கை தெரியுது. வலதுன்னு நெனச்சா வலது தெரியுது."

பத்தாம் தேதி இங்கே எழுதாமல் விட்டது இதுதான். பதினோரு கட்டிலுக்கும் அன்றிரவு பத்து மணிப் பதிவு, பதினொன்றும் ஒரே நிமிடத்துக்குள். நான்காம் நொடி, ஐந்தாம் நொடி, ஆறாம் நொடி என்று ஒரு கட்டைவிரல் மேலிருந்து கீழே இறங்கியிருக்கிறது. ஊசி அந்த வேகத்தில் போட முடியாது. டேப்லெட் கைக்கு வந்தபோது எல்லாருக்கும் சேர்த்து அழுத்தியிருக்கிறாள். மருந்தெல்லாம் கொடுத்து முடித்த பிறகா, கொடுக்கப் போவதற்கு முன்னாலா என்று எந்தப் பத்தியிலும் இல்லை. எங்கள் திரை கட்டில்வாரியாகத்தான் காட்டும். அதனால் மருத்துவமனையில் யாரும் பார்க்கவில்லை.

அவளிடம் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கொண்டை வலையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் அப்பிடித்தான் அழுத்துவோம். வேற வழி இல்ல. ஒரு டேப்லெட்டு." பிறகு, "அப்ப, போட்டேனா இல்லையான்னு உன் டப்பாவுக்கும் தெரியாது."

"தெரியாது."

"எனக்கும் தெரியாது, மெய்யு."

இதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, டாக்டரே முடித்துவிட்டார், போட்டிருந்தாலும் வலிப்பு வந்திருக்கலாம், உனக்கு அம்மா இருக்கிறாள் என்று என்னென்னவோ சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுக்கவில்லை. நான் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு உன்னத்தான் கேட்டா. ஆனா என்னப் பாத்து கேட்டிருக்கணும். நான் அங்கேயே இருந்தேன்." யூனிஃபார்மின் மேல் பித்தானைக் கழற்றினாள். "அந்தப் பதினோரு வரியையும் ஒரு பேப்பர்ல எழுதித் தா. போன்ல வேண்டாம், சின்னதாட்டு தெரியும். அவளுக்குக் காட்டணும்."

"அவளுக்கு அது புரியாது பியூலா."

"நான் சொல்லிக் குடுப்பேன்."

வெட்டாத படம் என் கைபேசியில் இருந்தது. இல்லை, அழித்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், சேலையை எடுத்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவே இல்லை. நான் எழுதுவேன் என்று முடிவாகிவிட்டதுபோல் இருந்தாள்.

எழுதினேன். கட்டில் எண், நேரம், கட்டில் எண், நேரம். பெரிய எழுத்தில், அந்தப் பெண்ணுக்குப் புரியும்படி. ஏழாம் வரி வந்தபோது கை நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அது ஆறாம் வரியைப் போலவே இருந்தது, எட்டாம் வரியைப் போலவே இருந்தது, ஒரு நொடிதான் வித்தியாசம்.